இருபது லட்சத்துக் காரம்

அவளுடைய கைப்பக்குவத்துக்கு விலை இருபது லட்சம் என்று ஒரு குளிர்பானக் கம்பெனி பேசி முடித்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு செய்ததை அந்தக் கை இன்னொரு முறை செய்து காட்ட வேண்டும். இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

ருசிதான் வருவேனா என்கிறது. இஞ்சியும் சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டு நொதிக்கவைத்த ஜிஞ்சர் பீர் இருபத்து மூன்று ஜாடி ஆகிவிட்டது. சீவிச் சீவி விரல் நுனியெல்லாம் எரிந்தது.

போனில் அந்தப் பெரிய குளிர்பானக் கம்பெனியின் மேனேஜர் சலித்துக்கொண்டார். "இதுவும் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அது இல்லையே! அன்னைக்கு நீங்க அனுப்பின சாம்பிளைக் குடிச்சிட்டு எங்க முதலாளி சொக்கிப்போயிட்டார். 'இதுக்கு முன்னாடி நம்ம சரக்கு பாத்திரம் கழுவின தண்ணி'ன்னு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டார். அந்த ருசி வந்தா கையெழுத்து. இல்லேன்னா விட்டுடுங்க."

போனை மேஜையில் எறிந்தாள்.

"இஞ்சியை மாத்தியாச்சு, தண்ணியை மாத்தியாச்சு, ஏழு நாளை ஒன்பது நாளாக்கியும் பாத்தாச்சு. இன்னும் என்னதாங்க மிச்சம்?"

"எலுமிச்சையைக் கொஞ்சம் குறைச்சுப் பாரேன்" என்றான் கணவன்.

"குறைச்சாச்சு!"

"அப்போ கூட்டிப் பாரு."

"முதல்ல நீங்க வாயைக் குறைங்க!"

சாம்பிள் அனுப்பிய அந்த வாரம் அவள் வீட்டிலேயே இல்லை. தங்கையின் பிரசவத்துக்காக நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தினமும் சாயங்காலம் பாட்டில் மூடிகளைத் தளர்த்தி உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றுவதும், மூன்று பாட்டிலைக் கம்பெனிக்கு அனுப்புவதும் அவன் பொறுப்பு.

திரும்பி வந்தபோது சாம்பிள் போயிருந்தது. அதோடு, துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறதென்றே தெரியாத மனுஷன், கட்டைவிரலில் பிளாஸ்திரியோடு பின்னறை முழுக்கக் கழுவித் துடைத்து வைத்திருந்தான். தங்கைக்குப் போன் போட்டு, "உங்க மாமா திருந்திட்டாருடி" என்று பெருமை அடித்துக்கொண்டாள்.

இப்போது மணி நாலே முக்கால். அளவு நோட்டைப் பிரித்து, பேனாவோடு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. நான் இல்லாதப்போ அந்த மூணு பாட்டில்ல நீங்க கை வெச்சீங்களா? எதைக் கலந்திருந்தாலும் சரி, திட்ட மாட்டேன். அதுக்குத்தான் இருபது லட்சம் தர்றாங்க."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். நோட்டைப் பார்த்தான்.

"நிஜமா திட்ட மாட்டியே?"

"மாட்டேன். சொல்லித் தொலைங்க!"

"மூடியைத் தளர்த்த மறந்துட்டேன். நீ செஞ்சு வெச்ச அத்தனை பாட்டிலும் வெடிச்சுப்போச்சு. கடைக்கு ஓடினேன், மூணு பாட்டில், நானூத்தி ஐம்பது ரூபா. லேபிள் மட்டும்தான் நம்மளோடது. உள்ளே இருந்தது அவங்க கம்பெனி சரக்கு."