தலை தீபாவளி வாட்ச்

"இது அசலா, டூப்ளிகேட்டான்னு பார்த்துச் சொல்லுங்கோ."

ஜானகி அந்த வாட்சைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் நின்ற மருமகள் மஹதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

செயின் தளர்வாக இருக்கிறது, ரெண்டு கண்ணி கழட்டணும் என்று சொல்லித்தான் மாமியார் அவளை மயிலாப்பூரிலிருந்து தி. நகருக்கு அழைத்து வந்திருந்தாள்.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை ஷ்ரவணுக்கு மஹதியின் அப்பா சங்கரன் போட்ட வாட்ச் அது. பெட்டியிலும் டயலிலும் பெரிய சுவிஸ் கம்பெனியின் பெயர்.

கடைக்காரர் ஜவஹர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா மாமி, கிஃப்டா வந்ததா?"

"சம்பந்தி போட்டது."

"அப்ப எதுக்கு மாமி இந்த ஆராய்ச்சி? கண்ணியைக் கழட்டித் தரேன். மாப்ள கையில ஜம்முனு இருக்கும்."

"கண்ணி அப்புறம். முதல்ல இதைப் பாருங்கோ."

"பொண்ணு பக்கத்துலயே நிக்குது..."

"நிக்கட்டும். அவளும் தெரிஞ்சுக்க வேண்டியதுதான்."

மஹதி தரையைப் பார்த்தாள். ஆட்டோவில் வரும்போது மாமியார் கேட்டது வேறு இன்னும் குத்திக்கொண்டிருந்தது.

'தீபாவளி அன்னிக்கு உங்கம்மா கையில வளையலே இல்லையே, ஏன்?'

'கவனிக்கலையேம்மா' என்று முணுமுணுத்திருந்தாள். விருந்துக்கு வந்த இடத்தில் அம்மாவின் கையைக்கூடவா பார்ப்பார்கள்!

ஜவஹர் ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டார்.

"செகண்ட் முள்ளு விட்டு விட்டுக் குதிக்கல. வழுக்கிக்கினு போவுது. நல்ல அடையாளம்தான்."

மஹதிக்கு மூச்சு வந்தது.

உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "வெயிட்டும் சரியாத்தான் கீது."

"அப்போ... அசல்தானா?" ஜானகியின் முகம் வாடிப்போனது.

ஏமாற்றத்தைப் பார்! மஹதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவசரப்படாதீங்க மாமி. இப்பல்லாம் ஃபர்ஸ்ட் காப்பியே இப்டித்தான் வருது. வெளிய பாத்தா செஞ்ச கம்பெனிக்காரனே ஏமாந்துடுவான். தொறந்து மெஷினைப் பாத்துடலாம்."

ஜானகி கண்களை மூடிக்கொண்டாள். உதடுகள் எதையோ முணுமுணுத்தன.

மஹதியும் வேண்டிக்கொண்டாள். கபாலீஸ்வரா, அசலாக இருக்கட்டும். ஆனால் அன்றைக்குப் பெட்டியை நீட்டியபோது அப்பா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

பின்மூடி திறந்தது. ஜவஹர் ஒரு பார்வைதான் பார்த்தார். லென்ஸைக் கழற்றி வைத்தார்.

"டூப்ளிகேட்தான் மாமி. மூடியில கம்பெனி பேரு பளபளக்குது, உள்ள மெஷின்ல ஒரு எழுத்துகூட கிடையாது."

"நன்னாப் பார்த்தேளா? சந்தேகம் இல்லையே?"

"சந்தேகமே வாணாம்."

"அசல்னு சொல்லி யாராவது சம்பந்தியை ஏமாத்தியிருப்பாளோ?"

"சேச்சே. பஜார்ல பிளாட்பாரத்துலயே கூவிக் கூவி விக்கிறானுங்க. பில்லு, கார்டு எதுனா கூட வந்துதா? வரலைல்ல? தெரிஞ்சேதான் வாங்கிகிறாரு."

இனி அப்பா எந்த முகத்தோடு இவர்கள் வீட்டுப் படி ஏறுவார்? ஷ்ரவணிடம் போய் மாமியார் என்னவெல்லாம் சொல்வாள்?

"அம்மா, எங்கப்பா..." என்று ஆரம்பித்தாள் மஹதி.

ஜானகி அவள் பக்கம் திரும்பவில்லை. "ரெண்டு கண்ணி கழட்டிக் கொடுங்கோ" என்றாள் ஜவஹரிடம்.

தெருவுக்கு வந்ததும் செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சம்பந்தி மாமா, நான் ஜானகி பேசறேன். ஷ்ரவண் வாட்சைக் கொண்டுபோய்க் கடையில காட்டினேன்."

மஹதி கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"செயின் கொஞ்சம் பெரிசா இருந்துது. ரெண்டு கண்ணி எடுத்தாச்சு, இப்போ கச்சிதம். ஆபீஸ்ல எல்லாரும் விசாரிக்கறாளாம். உங்க மாப்பிள்ளைக்கு ஒரே பெருமை!"

"அ... அப்படியா? ரொம்ப சந்தோஷம்!" சங்கரனின் குரல் தடுமாறித் தெளிந்தது.

"மாமிகிட்ட ஒரு நிமிஷம் கொடுங்கோ... மாமி, தீபாவளி அன்னிக்கு உங்க கையில வளையலைக் காணலையே?"

"அதையா கேக்கறேள்? முறுக்குக்கு மாவு பிசையறச்சே கழட்டி வெச்சேன். நீங்கள்லாம் வந்த சந்தோஷத்துல திரும்பப் போட்டுக்கவே மறந்துட்டேன். இதோ இப்பக் கையிலதான் இருக்கு."

போனில் வளையல்கள் கலகலத்தன.

ஜானகி போனை அணைத்தாள். விறுவிறுவென்று தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். ஒரு தேங்காய் வாங்கி ஓங்கிச் சூறை விட்டாள். சில்லுகள் நாலாபுறமும் தெறித்தன.

"இப்போ எதுக்கும்மா தேங்காய்?" மஹதிக்கு ஒன்றும் புரியவில்லை.

"வேண்டுதல்." ஜானகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் இப்போதுதான் சிரிப்பு வந்தது.

"எங்க தலை தீபாவளிக்கு எங்கப்பா உன் மாமனாருக்கு அசல் வாட்சுதான் போட்டார். அதுக்கப்புறம் எங்கம்மா கையில நான் தங்க வளையலைப் பார்க்கவே இல்லை. இதுவும் அசலா இருந்தா, நேரா உங்காத்துக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துடணும்னுதான் உன்னையும் கூட்டிண்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே வேண்டுதல்தான்டி... 'பிள்ளையாரப்பா, எப்படியாவது இது டூப்ளிகேட்டா இருக்கணும்!'"