உச்சி வரிசை

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், அரெத்தி.”

“கேளுங்களேன்.”

“வேண்டாம்... அப்புறம் கேக்கறேன்.”

ஈஸ்டர் விருந்தில் ஃபோட்டிஸ் விழுங்கிய அந்தக் கேள்வி, கோடை விடுமுறைக்கு எபிடாரஸின் பழங்காலக் கிரேக்கத் திறந்தவெளி அரங்கம் வரை வந்தும் அவன் தொண்டையிலேயே நின்றது. எப்போது வெளியே வரும் என்று அரெத்தியும் காத்திருந்தாள்.

“அப்பா கீழேயே நிக்கட்டும். நாம உச்சிக்குப் போலாம், வாங்க!” என்று எட்டு வயது மிர்த்தோ அவளை இழுத்தாள்.

ஐம்பத்தைந்து வரிசைக் கல் இருக்கைகள். மேலிருந்து பார்த்தால் ஃபோட்டிஸ் கட்டைவிரல் அளவுதான் இருந்தான்.

“உன் வீட்டுக்காரர் ஏறலையா?” என்றாள் பக்கத்தில் மூச்சு வாங்கிய ஓர் அம்மாள்.

“முட்டி வலியாம்,” என்று அரெத்தி சிரித்தாள்.

கீழே யாரோ காகிதம் கிழித்தார்கள். அந்த உச்சியிலும் சத்தம் காதோரம் கேட்டது. இதைக் கட்டியவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

ஃபோட்டிஸ் அரங்கின் நடுவில் இருந்த கல்லின் மேல் நின்றான். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன், அத்தனை வரிசைக்கும் கேட்கும் என்பதையே மறந்து மெல்லப் பேசினான்.

“மிர்த்தோவோட அம்மா போய் ஆறு வருஷமாச்சு, அரெத்தி. பக்கத்து வீட்டுலேர்ந்து இன்னும் எத்தனை நாள்தான் வந்து வந்து போவே? என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?”