அக்ரூட் பலகைக்குப் பின்னால்

ஸ்ரீநகரில் உறைபனி நேற்றுதான் இளகியது. குளிரில் வெடித்த ஏதோ ஒரு குழாய் இன்று ஜரீஃபாவின் வீட்டுச் சுவருக்குள் கசிகிறது. சன்னல் வழியே பனியின் வெளுத்த வெளிச்சம் சுவரை மூடிய அக்ரூட் மரப் பலகைகளில் படிகிறது. அவற்றில் செதுக்கிய சினார் இலைகளை எண்ணி முடிக்க இரண்டு ஆயுள் வேண்டும். பிளம்பர் சோனாவுல்லா எவர்சில்வர் டம்ளரைப் பலகையில் கவிழ்த்து அதில் காதை வைத்திருக்கிறார். வீடே மூச்சை அடக்குகிறது. கூரைப் பனிகூடச் சொட்டத் தயங்குகிறது. "குடுகுடுங்குது. இங்கதாம்மா," என்று ரம்பத்தை எடுக்கிறார். "ஐயையோ, எங்கப்பா கையால செதுக்கினது! இன்னொரு வாட்டி கேளுங்கண்ணே." கேட்கிறார். "நல்லாவே குடுகுடுங்குது." ரம்பத்தின் பல் ஓர் இலைக்காம்பைத் தொடுகிறது. ஜரீஃபாவின் மூக்கில் புகையிலை வாசம் ஏறுகிறது. ஓடிப்போய் அடுத்த அறைக் கதவைத் திறக்கிறாள். மாமனார் அதே சுவரின் மறுபக்கம் சாய்ந்து ஹூக்கா இழுத்துக்கொண்டிருக்கிறார். "மாமா, கொஞ்சம் நிறுத்துங்க!" குடுகுடுப்பு நிற்கிறது, ரம்பமும் நிற்கிறது. அந்த அமைதியில் மாமனாரின் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லிய சீறல் கேட்கிறது. சோனாவுல்லாவும் அந்த அறைக்குள் வந்து சுவரைத் தட்டிப் பார்க்கிறார். "பலகைய அறுக்கவே வேணாம்மா, இந்தப் பக்கம் வெறும் மண்பூச்சுதான். பெரியவரே, எந்திரிங்க." எழுகிறார். அவருடைய ஃபெரன் அங்கியிலிருந்து தால் ஏரியே வடிகிறது. "காலையிலேருந்தே ஈரமா மாமா?" "ஆமா. சொன்னா வெயில் விழுற எடத்தவிட்டுக் கெளப்பிடுவீங்களே."