சனிக்கிழமைப் புழுக்கள்

"இன்னும் சூடு ஆறல மேடம், தொட்டுப் பாருங்க."

தேவசகாயம் ஃபிளாஸ்க்கை ஆய்வக மேசைமேல் வைத்தான். உள்ளே வெதுவெதுப்பான உப்புநீரில், பன்றிக் குடலிலிருந்து எடுத்த உருண்டைப் புழுக்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், கடலூரில் அவன் கறிக்கடைக்கே போய், ஆராய்ச்சிக்கு இவை வேண்டுமென்று கேட்டிருந்தாள் தாட்சாயிணி. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிடுவான்.

ஆண் புழு ஒன்றைக் கீறி, அசைவைத் தூண்டும் கரைசல் சேர்த்து, ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

"வாங்க, பாருங்க."

"இத்தினி நாள் கொண்டாறேன், இன்னிக்குத்தான் காட்டுறீங்க." குனிந்தான். "என்னது மேடம் இது?"

"ஆண் புழுவோட விந்தணு."

"வாலையே காணோம்?"

"இதுக்கு வால் கிடையாது, நீந்தாது. பாதம் மாதிரி ஒண்ணை முன்னாடி நீட்டி ஊர்ந்துதான் போகும். நம்ம உடம்புல ஊர்ற செல்லுக்கெல்லாம் ஆக்டின்னு ஒரு புரதம் வேணும். இது அதை நம்பி இல்ல. தனக்குன்னு வேற புரதம் வச்சிருக்கு."

"முட்டைக்கிட்ட போய்ச் சேர்ந்துடுமா?"

"எல்லாம் சேராது."

அவன் கண்ணை எடுக்காமலே சொன்னான். "கறிக்கடைய விட்டு மூணு மாசமாச்சு மேடம். நெல்லிக்குப்பத்துல கரும்பு லாரி ஓட்டுறேன்."

திடுக்கிட்டாள். "அப்ப இந்தப் புழுவெல்லாம்?"

"பழைய கூட்டாளிக்கிட்ட சொல்லிவச்சு வாங்கியாறேன். சனிக்கிழமைன்னா லீவு போட்டுடுவேன். உங்க ஆராய்ச்சி நின்னுடக் கூடாதுல்ல."

பேச்சை மாற்றினாள். "வீட்டுல பொண்ணு பார்க்கிறாங்கன்னு சொன்னீங்களே?"

"அவுங்க பார்த்துக்கிட்டேதான் இருக்காங்க." நிமிர்ந்தான். "உங்க வீட்டுல?"

"மாப்பிள்ளை பார்த்துக்கிட்டேதான் இருக்காங்க."

அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"இன்னும் எத்தனை நாளைக்குப் புழு வேணும் மேடம்?"

அவள் மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள். "சரியா தெரியல. ஒரு வருஷம்கூட ஆகலாம்."

"ஜாஸ்தியாவே ஆகட்டும், கொண்டாறேன்" என்று சிரித்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போனான்.

அவன் வளாகத்தின் கேட்டைத் தாண்டும்வரை ஜன்னலருகிலேயே நின்றாள் தாட்சாயிணி. புழு ஆராய்ச்சியை முடித்து, அதற்கு டாக்டர் பட்டமும் வாங்கி, அவளுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது.