கேட்டது

"கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று தணிகாசலம் கேட்டபோது கார் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பழைய கார். எஞ்சினையும் புகைக்குழாயையும் இணைக்கும் இடத்தில் கேஸ்கட் கிழிந்திருந்ததால் சத்தம் படபடவென வெடித்தது. பக்கத்தில் இருந்த அலுவலகத் தோழி வத்சலாவின் உதடுகள் அசைந்தன. பதில் காதில் விழவில்லை. மறுபடி கேட்கத் துணிவில்லை.

மறுநாள் காலையிலேயே கேஸ்கட்டை மாற்றச் சொன்னான்.

"நாலு வருஷமா நான் கெஞ்சுறேன். இன்னிக்கு என்ன சார் அவசரம்?" என்றார் மெக்கானிக் யூனுஸ்.

துருவேறிய நட்டுகள் ஒன்றும் உடையாமல் கழன்றன. மாலையில் கார் முணுமுணுத்தபடி மேடேறியது.

"நேத்து நான் கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்" என்றாள் வத்சலா. "ஆமா, என்ன கேட்டீங்க? எனக்கு ஒண்ணுமே கேக்கல."

தணிகாசலம் காரை ஓரமாக நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தான்.