ஏறும்போது ரயில்

ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரிலிருந்து மலையேறும் ரயிலில், பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் பீற்றிக்கொண்டே வந்தார் மெர்வ்.

"எல்லாம் என் பையன் கிராண்டோட ஏற்பாடு. ஏற ரயில், இறங்க ரோப் கார். காட்டுக்கு மேலயே மிதந்து போகலாம்!"

எதிரே உட்கார்ந்திருந்த கிராண்ட், ஜன்னலுக்கு வெளியே கொட்டிய அருவியைக்கூடப் பார்க்காமல் போனையே நோண்டிக்கொண்டிருந்தான்.

மலையுச்சியில், குராண்டா ஸ்டேஷனில் இறங்கியதும் மெர்வ் அவசரப்பட்டார். "வாடா, கூட்டம் வர்றதுக்குள்ள ரோப் கார்ல ஜன்னலோரம் பிடிப்போம்!"

முதியோர் இல்லத்தின் பெயர் எழுதிய வேனிலிருந்து ஒரு பெண் சிரித்தபடி இறங்கி வந்தாள்.

"வாங்க மெர்வ். உங்க ரூம் தயார். பெட்டியெல்லாம் காலையிலயே உங்க மருமக கார்ல கொண்டுவந்து வெச்சிட்டாங்க."

மெர்வ் மகனைப் பார்த்தார்.

"அப்போ... ரோப் கார்?"

"அது இறங்குறவங்களுக்குப்பா" என்றான் கிராண்ட்.