கவுண்டரிலிருந்து திரும்பி வந்த தாள்

சபூராவின் பைக்குள் அவளுடைய திருமணச் சான்றிதழும் மகளின் பிறப்புச் சான்றிதழும் ஒட்டிக் கிடந்தன. அக்கரை நாட்டில் வேலை செய்யும் கணவனிடம் போக, இரண்டுக்கும் தூதரக முத்திரை வேண்டும்.

“அக்கா, அத்தா எப்படி இருப்பாங்க?” என்றது பிறப்புச் சான்றிதழ். அத்தாவான அந்தக் கணவன் இன்னும் பிள்ளையைப் பார்த்ததில்லை.

“சிரிச்சா கண்ணு மூடிக்கும். என் மேல கையெழுத்துப் போடும்போதும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தார்,” என்றது திருமணச் சான்றிதழ்.

தூதரகக் கவுண்டரில் திருமணச் சான்றிதழுக்கு முத்திரை விழுந்தது. பிறப்புச் சான்றிதழில் அத்தா பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததால், திருத்தி வரச் சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

“நீ மட்டுமாவது முதல்ல வாயேன்,” என்று போனில் கெஞ்சினான் கணவன். தோளில் தூங்கிய மகளைத் தடவியபடி, “வந்தா ரெண்டு பேரும்தான் வருவோம்,” என்று அழுதாள் சபூரா.

பைக்குள் பிறப்புச் சான்றிதழ் விசும்பியது. “என்னை விட்டுட்டு நீங்க போங்கக்கா.”

“போனதும் பிள்ளை எங்கேன்னு கேப்பாரே. நான் என்ன சொல்ல?”